அடைவு வந்த வழி

பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத் துறையில் சுங்கம் கொள்வோர் ஓயாமல் வேலை செய்கிறார்கள். கடலிலிருந்து கரைக்கு இறங்கும் பண்டமும் கரையிலிருந்து கடலுக்குப் போகும் பண்டமும் அவர்கள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். புலி முத்திரை பதித்த பிறகே மூட்டை முற்றத்தில் குவிகிறது. தேடல் சர்வர் என்று இன்று நாம் சொல்வதும் இந்த வேலையைத்தான் செய்கிறது. எழுத்து வந்து இறங்கும்போதே ஒவ்வொரு சொல்லையும் பிரித்து, அது எந்த ஆவணத்தில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பதிந்துவிடுகிறது. பிறகு யாராவது ஒரு சொல்லைக் கேட்டால் ஆவணங்களைப் புரட்டுவதில்லை. பதிவைப் பார்த்து விடை சொல்கிறது. அந்தப் பதிவேட்டுக்கு அடைவு என்று பெயர். சர்வரில் மற்றதெல்லாம் அதைக் காக்கவும் பரிமாறவும் இருப்பவை.

அடைவு கணினியோடு பிறந்ததல்ல. தமிழில் அது ஏன் தேவைப்பட்டது என்று அறிய அந்தப் பட்டினம் இருந்த பூம்புகாரிலிருந்து கும்பகோணம் வரை போனால் போதும்.

1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உ.வே.சாமிநாதையர் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அந்த ஆண்டே அவ்வூர் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததும், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று முதலியார் கேட்டதும் பலரும் அறிந்த கதை. அதற்குப் பின்னால் நடந்த வேலையைப் பற்றித்தான் குறைவாகப் பேசியிருக்கிறோம். சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் மேற்கோள்கள் நிறைந்திருக்கின்றன. எந்த நூலிலிருந்து எடுத்தார் என்று பல இடங்களில் அவர் சொல்வதில்லை. அவர் காலத்து மாணவருக்கு அந்த நூல்கள் மனப்பாடம் என்பதால் சொல்லத் தேவை இருந்திருக்காது. பல நூற்றாண்டுகள் கழித்து வந்த பதிப்பாசிரியருக்கோ ஒரே ஒரு வரியின் ஊரைக் கண்டுபிடிக்கச் சுவடி சுவடியாகப் படிக்க வேண்டியிருந்தது. அடுத்த மேற்கோளுக்கு மறுபடியும் முதலிலிருந்து படிக்க முடியாது. ஆகவே படிக்கும்போதே சொல்லையும் அது வரும் இடத்தையும் அகரவரிசையில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். சாமிநாதையர் பதிப்புகளில் நூலின் பின்னால் வரும் அரும்பத அகராதி முதலிய பகுதிகள் இந்த உழைப்பில் விளைந்தவை.

1887இல் சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் அடியார்க்குநல்லார் உரையோடு சிலப்பதிகாரம். புகார்க் காண்டம் மட்டும் முன்பே அச்சேறியிருந்தது. நூல் முழுவதும் ஒப்புநோக்கிய பதிப்பாக, தேடிப் பார்க்கும் வசதியோடு கைக்கு வந்தது 1892இல்தான். பத்துப்பாட்டில் ஒன்றான பட்டினப்பாலையின் சுங்கத் துறையும் சிலம்பு காட்டும் அதே ஊரின் மருவூர்ப்பாக்கமும் ஒருவர் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடியவை ஆயின.

இதே மனிதர்தான் கரிவலம்வந்தநல்லூரில் கோயில் ஏடுகளைத் தேடிப் போய், பழுதான ஏடுகளை ஆகமப்படி நெருப்பில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டு நொந்து திரும்பியவர். மூல ஏடு அழிந்தால் எந்த அகராதியும் அதைத் திருப்பித் தராது. மூலம் இருந்தால் அகராதியை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே போக வேண்டும். இன்றைய சர்வர் பராமரிப்பில் பாதி இதில் அடங்கியிருக்கிறது.

அடுத்த நூறு ஆண்டுகளில் தமிழ் அடைவு பல ஊர்களில் வளர்ந்தது. 1962இல் வ.அய்.சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவு திருவனந்தபுரத்திலிருந்து வந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை பழந்தமிழ் இலக்கியச் சொற்களுக்கு மூன்று தொகுதிகள் வெளியிட்டது. 1992இல் தாமஸ் லேமனும் தாமஸ் மால்டனும் கணினியின் துணையோடு செய்த சங்க இலக்கியச் சொல்லடைவு ஜெர்மனியில் அச்சானது.

கணினிக்கு இந்த வேலையை முதலில் கொண்டுபோனவர்களில் ஒருவர் ராபர்ட்டோ பூசா என்ற இத்தாலியப் பாதிரியார். 1949இல் ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சனைப் பார்த்து, தாமஸ் அக்வினாசின் லத்தீன் நூல்களுக்குச் சொல்லடைவு செய்ய இயந்திரம் கேட்டார். துளையிட்ட அட்டைகளில் தொடங்கிய அந்த வேலை 56 தொகுதிகளாக முடிந்தது. அவரும் சாமிநாதையரைப் போலவே பழைய நூலின் ஒரு சொல்லைத் துரத்திப் போனவர். அதனால்தான் தேடல் பொறியின் வரலாற்றைச் சொல்லும்போது அவரை விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை.

சொல் எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி. கிடைத்த ஆயிரம் இடங்களில் எதை முதலில் காட்டுவது என்பது வேறு கேள்வி. 1960களில் ஜெரார்ட் சால்டன் குழுவினர் ஸ்மார்ட் என்ற அமைப்பில் இதை ஆராய்ந்தார்கள். 1972இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் எளிய ஒன்றைக் கண்டு சொன்னார்: எல்லா ஆவணத்திலும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு, சிலவற்றில் மட்டும் வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். ‘காவிரி என்று’ எனத் தேடினால் ‘என்று’ எதையும் பிரித்துக் காட்டாது, ‘காவிரி’தான் காட்டும். லண்டனில் ஸ்டீபன் ராபர்ட்சன் குழு 1990களில் இதை மேலும் செப்பனிட்டு உருவாக்கிய பிஎம்25 என்ற சூத்திரம்தான் இன்று பெரும்பாலான கட்டற்ற தேடல் சர்வர்களின் உள்ளே ஓடுகிறது.

அந்த சர்வர்களுக்கெல்லாம் அடிப்படை லூசீன். டக் கட்டிங் என்ற நிரலாளர் 1990களின் இறுதியில் ஜாவா மொழியில் எழுதியது. மனைவியின் நடுப்பெயரை அதற்கு வைத்தார். 2001இல் அப்பாச்சி அமைப்புக்குப் போனது. எவரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஆனால் லூசீன் ஒரு நிரல் தொகுப்பு மட்டுமே. நாமே ஒரு மென்பொருள் எழுதி அதற்குள் வைக்க வேண்டும். அதைத் தானே இயங்கும் சர்வராக்கியவர் சிநெட் நிறுவனத்தில் இருந்த யோனிக் சீலி. 2004இல் நிறுவனத்துக்குள் தொடங்கிய சோலர் 2006 ஜனவரியில் அப்பாச்சிக்குக் கொடையாக வந்தது. லண்டனில் சமையல் கலை படித்துக்கொண்டிருந்த மனைவியின் சமையல் குறிப்புகளைத் தேடித்தர ஷே பானன் தொடங்கிய முயற்சி வளர்ந்து வளர்ந்து 2010இல் எலாஸ்டிக்சர்ச் ஆயிற்று. இரண்டின் உள்ளேயும் அதே லூசீன்தான்.

இந்த அடைவுக்குள் தமிழ் எப்படி நுழைந்தது? நுழைவதற்கு முதலில் தமிழ் நூல்கள் கணினி எழுத்தாக வேண்டும். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு.கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் பல நாட்டுத் தன்னார்வலர்களைக் கொண்டு சிலம்பையும் பத்துப்பாட்டையும் தட்டச்சு செய்து பொதுவில் வைத்தது. தொடக்க ஆண்டுகளில் எழுத்து பழைய எழுத்துருக்களிலும் திஸ்கி முறையிலும் இருந்தது. பின்னர் யூனிகோடுக்கு மாறியது. திஸ்கியிலோ வேறு பழைய எழுத்துருவிலோ உள்ள கோப்பை அப்படியே சர்வரில் ஏற்றினால் அதற்குத் தெரிவது பொருளற்ற குறிகள்தான். மாற்றி ஏற்றுவது முதல் வேலை.

மாற்றிய பிறகும் சிக்கல் தீரவில்லை. ‘கோவலன்’ என்பதன் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. அடைவுக்கு இரண்டு வேறு சொற்கள். ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தட்டிய கோப்புகள் இன்னும் உலவுகின்றன. ‘ஸ்ரீ’யை எழுதவும் இரண்டு வழி உண்டு. அடைவில் ஏறும் எழுத்தையும் தேடுபவர் தட்டும் எழுத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வடிகட்டியை வைக்காத சர்வரில் கோவலன் பாதிப் பக்கங்களில் காணாமல் போவான். பிழைச் செய்தி எதுவும் வராது. தேடியவர் ‘இல்லை போலிருக்கிறது’ என்று போய்விடுவார். எனக்கு இதைவிடக் கவலை தரும் பழுது வேறில்லை. நின்றுபோன சர்வரை உடனே கவனிப்பார்கள். இருப்பதை இல்லை என்று சொல்லும் சர்வர் ஆண்டுக்கணக்கில் அப்படியே ஓடும்.

லூசீனே நெடுநாள் இப்படித்தான் ஓடியது. சொல்லைப் பிரிக்கும் அதன் வழக்கமான பகுதி, உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்ளாமல் அங்கே வெட்டியது. ‘புகார்’ ப, க, ர என்று மூன்று துண்டாக அடைவில் ஏறியது. 2011 மார்ச்சில் வந்த 3.1 பதிப்பில் யூனிகோடின் சொற்பிரிப்பு விதியை ஏற்ற பிறகுதான் இந்திய எழுத்துகள் முழுச் சொல்லாக நின்றன.

அடுத்தது வேற்றுமை உருபு. புகாரில், புகாருக்கு, புகாரிலிருந்து, புகார்க் காண்டம் எல்லாம் ஒரே ஊரைச் சொல்பவை. ஒற்று மிகுந்த ‘புகார்க்’, ஒற்றில்லாத ‘புகார்’ இரண்டும் அடைவில் தனித்தனி. ஈற்றை நீக்கி அடியைக் காணும் ஸ்டெம்மர் தேவை. இந்திக்கும் வங்காளத்துக்கும் எலாஸ்டிக்சர்ச்சில் சொல்லைப் பிரித்து ஈறு நீக்கும் பகுப்பியைத் தயாராகச் சேர்த்துத் தந்திருந்த ஆண்டுகளில் தமிழுக்கு இல்லை. ஸ்னோபால் என்ற கட்டற்ற ஸ்டெம்மர் தொகுப்பின் 2019இல் வெளிவந்த 2.0 பதிப்பில் தமிழ் ஸ்டெம்மர் இடம்பெற்றது. 2021 டிசம்பரில் வந்த லூசீன் 9.0 அதை எடுத்துக்கொண்டது. அதுவும் தானாக வந்ததல்ல. தமிழ் தெரிந்தவர் விதிகளை உட்கார்ந்து எழுதி, பொதுவில் கொடுத்து, மற்றவர் சோதித்துச் சேர்த்ததால் வந்தது. கட்டற்ற மென்பொருள் வாசலைத் திறந்து வைக்கிறது. உள்ளே தமிழை வைக்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஸ்டெம்மர் பண்டைத் தமிழுக்குப் பெரிதும் உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். அது இன்றைய உரைநடையின் ஈறுகளை அறியும். அளபெடையும் புணர்ச்சியில் திரிந்த சொல்லும் நிறைந்த செய்யுளில் தவறாக வெட்டும். ஆகவே செய்யுளுக்கு ஒரு புலம், உரைக்கு ஒரு புலம் என்று அடைவின் அமைப்பைச் சொல்லும் ஸ்கீமாவில் பிரித்து வைத்து, செய்யுள் புலத்தில் வெட்டாமல் விடுவதே நல்லது. சொல் பிரித்த பாடமும் சீர் பிரித்த பாடமும் கிடைத்தால் இரண்டையும் ஏற்ற வேண்டும். மதுரைத் திட்டக் கோப்புகளில் பல சீர்களாகவே இருக்கின்றன. அவற்றை மட்டும் நம்பினால் சொல்லின் பாதி ஒரு சீரிலும் மீதி அடுத்த சீரிலுமாகக் கிடக்கும்.

ஊர்ப்பெயருக்கு ஒத்த சொல் பட்டியல் ஒன்று வேண்டும். சோலரில் அது சாதாரண எழுத்துக் கோப்பு. எந்தத் தமிழாசிரியரும் திறந்து திருத்தலாம். புகார், பூம்புகார், காவிரிப்பூம்பட்டினம், காவேரிப்பட்டினம் என்று ஒரே வரியில் எழுதிவிடத் தோன்றும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இன்னொரு காவேரிப்பட்டினம் இருக்கிறதே! நாளிதழ்த் தொகுப்பில் ‘புகார்’ என்று தேடினால் காவல் நிலையச் செய்திகள் முன்னால் வரும். ‘பூம்புகார்’ என்றால் 1964இல் வந்த திரைப்படமும், தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் விற்பனை நிலையமும் வரும். இலக்கியத் தொகுப்புக்கு ஒரு பட்டியல், செய்தித் தொகுப்புக்கு வேறொரு பட்டியல் என்று வைத்தால்தான் சரிப்படும். பழைய கிரேக்க நூல்களில் இந்த ஊரின் பெயராகக் கருதப்படும் தாலமியின் கபேரிசையும் பெரிபுளூசின் காமராவையும் வரலாற்றுத் தொகுப்பின் பட்டியலில் மட்டும் சேர்க்கலாம். இந்தக் கோப்பைத் திருத்துவதற்குக் கணினி அறிவைவிட ஊரறிவு வேண்டும். காவிரிப் படுகைக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகள் எளிதில் கைவைக்கக்கூடிய இடம் இதுவே என்று நான் நம்புகிறேன்.

இனி அன்றாட வேலை. லூசீன் அடைவைச் சிறுசிறு செக்மென்டுகளாக எழுதும், எழுதியதைத் திருத்தாது. ஓர் ஆவணத்தை நீக்கினால் நீக்கியதாகக் குறித்து வைக்கும்; பிறகு செக்மென்டுகளை ஒன்றுசேர்க்கும்போதுதான் இடம் காலியாகும். ஒன்றுசேர்க்கும் நேரத்தில் பழையதும் புதியதும் சேர்ந்தே வட்டில் இருக்கும். வட்டில் பாதியைக் காலியாக வைத்திருப்பவர் நிம்மதியாக இருப்பார். எலாஸ்டிக்சர்ச்சில் வட்டு 95 விழுக்காடு நிறைந்ததும் அடைவு எழுத மறுக்கும். படிக்க மட்டும் விடும். நினைவகத்தில் பாதிக்கு மேல் ஜாவாவுக்குக் கொடுக்காமல் மீதியை இயங்குதளத்துக்கு விட வேண்டும். அடைவுக் கோப்புகளை நினைவில் வைத்து வேகம் தருவது அதுதான்.

பாதுகாப்பு தனிக் கவலை. சோலரின் 8983, எலாஸ்டிக்சர்ச்சின் 9200 என்ற போர்ட்டுகளை இணையத்துக்குத் திறந்து விடவே கூடாது. 2017இன் தொடக்கத்தில் திறந்து கிடந்த எலாஸ்டிக்சர்ச் சர்வர்களை உலகெங்கும் அழித்துப் பணம் கேட்டார்கள். 2020இல் பணம்கூடக் கேட்காமல் அழித்தார்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற பதிவு நிரலில் வெளிப்பட்ட ஓட்டை சோலரையும் தொட்டது. பராமரிப்பவர் இருந்த இடங்களில் உடனே அடைத்தார்கள். நிறுவிவிட்டு மறந்துபோன சர்வர்கள் அப்படியே நின்றன.

எங்கள் கடற்கரைக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை பூம்புகார் கரையிலும் ஏறியது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த பின் டெல்டாவில் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆகவே நகல் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் இருப்பது இரண்டு இடமாகாது. ஒன்றையாவது காவிரிப் படுகைக்கு வெளியே வைக்க வேண்டும். அந்த நகல் அடைவின் நகலாக மட்டும் இருந்தால் போதாது, மூலக் கோப்புகளின் நகலாக இருக்க வேண்டும். லூசீன் தனக்கு முந்தைய ஒரே ஒரு பெரும் பதிப்பின் அடைவைத்தான் படிக்கும். 8ஆம் பதிப்பில் உருவான அடைவை 10ஆம் பதிப்பு திறக்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மூலத்திலிருந்து அடைவை மறுபடி செய்தே தீர வேண்டும்.

உரிமத்திலும் ஒரு திருப்பம் வந்தது. 2021 ஜனவரியில் எலாஸ்டிக் நிறுவனம் தன் மென்பொருளின் கட்டற்ற உரிமத்தைக் கைவிட்டது. பழைய உரிமத்தில் இருந்த கடைசி 7.10 பதிப்பிலிருந்து அமேசான் முன்னின்று ஓப்பன்சர்ச் என்ற கிளையைத் தொடங்கியது. 2024இல் அது லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் போனது. அதே ஆண்டு எலாஸ்டிக்கும் கட்டற்ற உரிமம் ஒன்றை மீண்டும் சேர்த்தது. தமிழ் விக்கிப்பீடியாவும் விக்கிமூலமும் எலாஸ்டிக்சர்ச்சின்மேல் நின்றவை. அவற்றை நடத்தும் விக்கிமீடியா 7.10ஐத் தாண்டாமல் காத்திருந்து, பின்னர் ஓப்பன்சர்ச்சுக்கு நகர்ந்தது. சிறு நூலகம் ஒன்று எதைத் தேர்வது என்று கேட்டால் நான் சோலரைச் சொல்வேன். ஒரே நிறுவனத்தின் கையில் அது இல்லை. 2021 முதல் அப்பாச்சியில் தனித் திட்டமாக நடக்கிறது.

சோலர் ஈழத்து ஆவணங்களையும் தேடித் தருகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000க்கும் மேற்பட்ட நூல்கள் போயின. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம், எஞ்சிய இதழ்களையும் பிரசுரங்களையும் நூல்களையும் வருடி வைக்கிறது. ஒலிப்பதிவும் ஒளிப்படமும் சுவடியும் அதன் ஆவணகத்தில் சேர்கின்றன. அந்த ஆவணகம் ஐலாண்டோரா என்ற கட்டற்ற மென்பொருளால் ஆனது, ஐலாண்டோராவின் தேடல் சோலர். ஒரே இடத்தில் ஒரே படியாக இருந்ததால் போன ஒன்றை, பல இடங்களில் பல படிகளாக வைத்து மீண்டும் சேர்க்கிறார்கள். அவர்கள் செய்வது சாமிநாதையர் செய்த அதே பணி என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

வருடிய பக்கத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் இயந்திரம் பழைய அச்சில் நிறையத் தடுமாறுகிறது. ரகரத்தைக் காலாகவும் காலை ரகரமாகவும் படிக்கிறது. பழைய வளைவு ணாகாரத்தையும் றாகாரத்தையும் விட்டுவிடுகிறது. தமிழ் விக்கிமூலத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய 2000க்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்களைத் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்த்து வருகிறார்கள். அவர்கள் திருத்தும் ஒவ்வொரு பக்கமும் உடனே அடைவில் ஏறுகிறது.

இன்னும் சிறு வேலை ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்புகள் பலவற்றில் எண்கள் தமிழ் எண்களே. லூசீனின் தமிழ்ப் பகுப்பி ௧, ௨, ௩ போன்ற இலக்கங்களை 1, 2, 3 என்று மாற்றிக்கொள்ளும். ௰, ௱, ௲ ஆகிய மூன்றையும் மாற்றாது. யூனிகோடு அவற்றை இலக்கம் என்று வகைப்படுத்தவில்லை. அதனால் ௧௮௯௨ என்று அச்சிட்ட பக்கம் 1892 என்ற தேடலில் கிடைக்கும். ௲௮௱௯௰௨ என்று அச்சிட்ட பக்கம் கிடைக்காது. இந்தக் குறிகளைப் பெருக்கிக் கூட்டி எண்ணாக்கும் வடிகட்டி ஒரு பொறியியல் மாணவர் சில நாளில் எழுதக்கூடியது. சோதனைகளோடு எழுதி அப்பாச்சிக்கு அனுப்பினால், அங்கே பார்த்துத் திருத்திச் சேர்ப்பார்கள். சேர்ந்த அடுத்த பதிப்பிலிருந்து தமிழ்ப் பகுப்பியைப் பயன்படுத்தும் எல்லா சர்வருக்கும் அது போய்விடும்.